உறுதி இருக்கிறது, வரைபடம் எங்கே?

மொனராகலை நகரிலிருந்து மரகல மலைப்பக்கமாக ஏறும் கிளை வீதியொன்றில் என் மருமகன் வீடு வாங்கினான். மருமகன் என்றால் அக்காவின் மகன். இறப்பர்த் தோட்டத்து லயமொன்றில் பிறந்து, கட்டாரில் பதினொரு வருடங்கள் கட்டடங்களுக்குக் கம்பி வளைத்து உழைத்தவன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளில் தன் பெயரில் ஓர் உறுதி எழுதிக்கொண்ட முதல் மனிதன் அவன்தான். (முப்பது வருடம் பத்திரிகையில் எழுதிய அவனது தாய்மாமன் இன்னமும் கொழும்பில் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.) உறுதி கைக்கு வந்த அன்று அக்கா அதைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்தக் கற்பூரத்தின் மணத்தோடு இந்தக் கதையை முடித்துவிட முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டில் முன்னால் இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் பழையவை. அதற்கு மேல் பிற்காலத்தில் எழுப்பிய ஒரு மாடி. பின்னால் மலைச்சரிவை ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்குச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் குசினியும் குளியலறையும் கட்டியிருந்தார்கள். வாங்குவதற்கு முன் தொலைபேசியில் கேட்டேன்.

“ஏம்ப்பா, பிளான் எல்லாம் பாத்தியா?”

“பாத்தேன் மாமா. பிளான் இருக்கு, உறுதி இருக்கு. நொத்தாரிசு ஐயா எல்லாம் சுத்தம்னுட்டாரு.”

அவன் பொய் சொல்லவில்லை. நொத்தாரிசும் பொய் சொல்லவில்லை. நம் நாட்டில் காணி வாங்குபவர் ‘பிளான்’ என்று கேட்டால் கையில் கொடுக்கப்படுவது நில அளவையாளர் வரைந்த படம். காணியின் எல்லை எங்கே, பரப்பு எத்தனை பேர்ச் என்பதை அது சொல்லும். அந்தக் காணியின் மேல் நிற்கும் வீட்டை எவர் அங்கீகரித்தார் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது இன்னொரு பிளான்: உள்ளூராட்சி சபையின் முத்திரையும் கையொப்பமும் உள்ள கட்டட வரைபடம். ஒரே சொல்லுக்குள் இரண்டு கடதாசிகள் ஒளிந்திருக்கின்றன. இந்த மயக்கத்தில் எத்தனை தரகர்களின் பிழைப்பு நடக்கிறது என்பதை நான் அறிவேன்.

இரண்டு வருடங்களுக்குப் பின், பின்புற மண்சுவருக்கு ஓர் அணைச்சுவர் கட்ட வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தான். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் கேட்டார். வரைபடத்தின்படிதான் கட்டடம் கட்டப்பட்டிருக்கிறது, இனிக் குடியிருக்கலாம் எனச் சபை தரும் சான்றிதழ் அது. இவன் சபைக்குப் போனான். (எந்தச் சபை என்பதை எழுதவில்லை, எழுதினால் மற்றச் சபைகள் எல்லாம் நல்லவை என்று பொருள்பட்டுவிடும்.) அங்கே கோப்பைத் திறந்தால் இரண்டு அறைகளும் விறாந்தையும் மட்டுமே இருந்தன. மாடி இல்லை. பின்புறக் குசினி இல்லை. சபையின் கண்ணில் அவன் குடியிருக்கும் வீட்டின் பெரும்பகுதி உலகத்திலேயே இல்லை.

ஆனால் அதே சபையின் அடுத்த மேசையில் அந்த மாடி இருந்தது! சோலை வரிப் பதிவேட்டில் வீடு மாடியோடு மதிப்பிடப்பட்டிருந்தது. பழைய உரிமையாளர் அதற்கு வரி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் விற்பனையின்போது பெருமையோடு கையளித்திருந்தார். வரி வாங்கும்போது தெரிகிற மாடி, அனுமதி கேட்கும்போது தெரியாமற் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், எழுதப்பட்ட அங்கீகாரமின்றி ஒரு கட்டடத்தைக் கட்டுவதையும் இருக்கும் கட்டடத்தை மாற்றுவதையும் தடுக்கிறது. நூறு வருடங்களுக்கு மேற்பட்ட சட்டம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்களில் இந்தப் பிடியை மேலும் இறுக்கியது. கட்டத் தொடங்கும் முன் அனுமதிப்பத்திரம், கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ். தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டும். சரிவான மண்ணென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். இவ்வளவு கண்கள் பார்க்க வேண்டிய ஒரு மாடி எவருடைய கண்ணிலும் படாமல் எழுந்து, வெள்ளையடித்து, விலைபோயிருக்கிறது.

விற்பவர் சொல்ல மாட்டார். சொன்னால் விலை குறையும். தரகருக்கு விலையில் நூற்றுவீதம். நொத்தாரிசின் வேலை காணிப் பதிவகத்தில் உரித்தைத் தேடுவதும் உறுதியை முறையாக நிறைவேற்றுவதும்தான். சுவரை அளக்க அவரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. மிஞ்சியிருப்பது வங்கி. வங்கி கேட்கும், தன் பணத்துக்காகக் கேட்கும். எனவே கடன் எடுத்து வாங்குபவர் அந்த ஒரு கேள்வியினால் தப்பிவிடுகிறார். அப்படியானால் மாட்டிக்கொள்பவர் யார்? காசு கொடுத்து வாங்குபவர். கட்டாரிலும் குவைத்திலும் உழைத்த பணத்தை, கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நின்று சேர்த்த பணத்தை, ரொறன்ரோவிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தை ஒரே தடவையில் எண்ணிக் கொடுத்து வாங்குபவர். அதாவது, வாழ்க்கையில் முதன்முதலாக வீடு வாங்கும் நம்மவர். எவரிடமும் கடன்படாமல் வாங்கியதே என் மருமகன் செய்த பிழை.

‘இது வெறும் கடதாசிப் பிரச்சினை, எல்லா வீடும் இப்படித்தான், கொஞ்சம் தண்டம் கட்டினால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. எனது சக பத்திரிகையாளர்களிலும் உண்டு. சமவெளியில் ஒருவேளை அவர்கள் சொல்வது கொஞ்சம் செல்லும். ஊவாவில் செல்லாது. மலையில் வீட்டைப் பெரிதாக்குவதென்றால் பெரும்பாலும் மலையை வெட்டுவதென்றே பொருள். வெட்டிய சரிவு தன் பழைய சாய்வைத் தேடும். மேலே இருந்து வரும் மழைநீருக்கு வடிகால் இல்லாவிட்டால் அது மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டி, பிடிப்பைத் தளர்த்தும். குளியலறையின் கழிவுநீர்க் குழியும் அதே சரிவில் என்றால் மழையில்லாத நாளிலும் அந்த மண் நனைந்துகொண்டே இருக்கும். இரண்டு அறைகளுக்குப் போட்ட அத்திவாரத்தின் மேல் கொங்கிறீற் மாடியை ஏற்றினால் என்ன நடக்கும் என்பதைக் கம்பி வளைத்த என் மருமகனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அத்திவாரத்தை அவன் பார்க்கவில்லை. அதற்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே கடதாசிதான் அவன் கேட்காமல் விட்ட அந்த வரைபடம்.

பதுளை மாவட்டத்துக்கு இதை நினைவூட்ட வேண்டியதுமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். பலரது உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என 2005ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் நொறுங்கின. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியின் மழை நாடெங்கும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, பேரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மொனராகலையைப் பலரும் வரண்ட மாவட்டமாகவே நினைக்கிறார்கள். கரும்பும் சோளமும் விளையும் சமதரைக்கு அது பொருந்தலாம். 1959இல் பதுளையிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள் என்பதற்காக, மரகல மலையின் மண்ணுக்கு வேறு சுபாவம் வந்துவிடவில்லை.

மீரியபெத்தையை இங்கே இழுத்ததற்குக் கோபித்துக்கொண்டு ஒரு வாசகர் கேட்பார் என்பது தெரியும். அந்த மக்கள் அனுமதியில்லாமல் கட்டியா செத்தார்கள்? இல்லை. அந்த லயங்களைக் கட்டியவர்கள் தோட்டக்காரர்கள். அவற்றுக்கு எந்தச் சபையிடம் யார் வரைபடம் கொடுத்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. நான் சொல்ல வருவதும் அதுதான். மலையில் எங்கே எப்படிக் கட்டலாம் என்று கேட்கும் அதிகாரம் எங்கள் மக்கள் விடயத்தில் ஒருபோதும் சரியான இடத்தில் நின்று கேட்டதில்லை.

லயத்துக் காம்பராவும் விலைக்குப் போகிறது என்பதைக் கொழும்பு வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் இஸ்தோப்பு. குடும்பம் பெருகும், இஸ்தோப்பை அடைத்து மகனுக்கு ஓர் அறை, பின்னால் தகரம் இறக்கி ஒரு குசினி, பிறகு மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் கல்லுச்சுவரும் ஓடும். தோட்டத்தை விட்டுப் போகும் குடும்பம், கட்டிய செலவைக் கணக்குப் பண்ணி, இன்னொரு குடும்பத்திடம் பணம் வாங்கிக்கொண்டு கையளித்துவிடும். தலைவர் ஒருவர் சாட்சி. கொப்பிக் கடதாசியில் ஒரு முத்திரையை ஒட்டிக் கையொப்பம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசின் முன் எழுதப்படாத காணி விற்பனைக்குச் சட்டத்தில் உயிரில்லை. வாங்கியவருக்குக் காணியும் இல்லை, வீடும் இல்லை. கையில் இருப்பது கொப்பிக் கடதாசி.

இவர்கள் ஏன் அனுமதி பெறாமல் கட்டினார்கள் என்று கேட்பது அநியாயம். அனுமதி கேட்பதற்கு முதலில் காணி தன்னுடையதாக இருக்க வேண்டும். 1975இல் தோட்டங்கள் தேசியமயமாகின. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசிடமும் குத்தகை கம்பனியிடமும் இருக்க, லயத்தில் பிறந்தவனுக்கு இருந்ததெல்லாம் துரையின் தயவு. பிரதேச சபைக்குப் போகலாமா என்றால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்கைப் போடலாம், பாதை கேட்க முடியாது. அந்தத் தடையைத் திருத்த 2018 வரை முப்பத்தொரு வருடங்கள் சென்றன. 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் வந்தது. மீரியபெத்தையில் பிழைத்தவர்களுக்குப் பூனாகலையில் 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. 2025 ஒக்டோபர் 12இல் பண்டாரவளையில் ஜனாதிபதி 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கினார். அது முழு உறுதியா, வாக்குறுதியா என்ற வாதம் மேடை கலையும் முன்பே தொடங்கிவிட்டது. உறுதி என்ற சொல்லுக்கு எங்கள் மக்கள் ஏன் கற்பூரம் காட்டுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

ஆகவே அனுமதியில்லாத கட்டடம் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு விடயங்கள் கிடக்கின்றன. ஒன்று, கேட்பதற்கே வழி கொடுக்கப்படாதவன் பிள்ளைகள் நனையாமல் இருக்க இறக்கிய தகரம். மற்றையது, உறுதியும் கோப்பும் சபைக்குப் போகும் வழியும் வைத்திருந்தவர், கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்து கேட்காமல் எழுப்பிய மாடி. முதலாவதைச் செய்தவனுக்கு நிருவாகத்தின் கடிதம் சிமெந்து காயும் முன் வந்துசேர்கிறது. இரண்டாவதைச் செய்தவருக்குச் சோலை வரிப் பட்டியல் வருகிறது, அவர் அதை வீட்டின் தகைமைச் சான்றிதழாக வைத்து லாபத்துக்கு விற்றுவிட்டுப் போகிறார். எல்லவில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சரிவுகளில் எழுந்துள்ள அனுமதியற்ற கட்டடங்கள் பற்றி நாங்கள் எழுதிய செய்திகளை அடுக்கினால் அதுவே ஒரு மாடி உயரம் வரும்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் என்று இலண்டனில் இருக்கும் வாசகர்கள் நிம்மதியடைய வேண்டாம். அங்கே பின்புறம் அறை இறக்கி, கட்டட ஒழுங்குவிதிகளின் அங்கீகாரமில்லாமல் விற்கப்படும் வீட்டுக்கு ஒரு காப்புறுதி விற்கிறார்கள். சபை நடவடிக்கை எடுத்தால் நட்டம் தருவார்களாம். நிபந்தனை என்ன தெரியுமா? அந்த மாற்றம் பற்றிச் சபையுடன் நீங்கள் பேசக்கூடாது. பேசினால் காப்புறுதி செல்லாது. சுவர் பலமானதா என்று எவரும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்கே கட்டணம். நாகரிகமான நாட்டில் கண்ணை மூடிக்கொள்வதற்கும் பற்றுச்சீட்டுக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் தென்னாபிரிக்கா. இலங்கையைப் போலவே உரோம-டச்சுச் சட்டத்தை வைத்திருக்கும் நாடு. அங்கீகாரமின்றிக் கட்டப்பட்ட பகுதிகளோடு விற்கப்பட்ட வீடு பற்றிய வழக்கொன்றில், 2008இல் அந்த நாட்டின் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டப்படி இருக்க வேண்டிய அங்கீகாரம் இல்லாமையை மறைந்துள்ள குறைபாடு என்றே கொண்டது. கறையான் அரித்த மரம் போல. ‘உள்ளபடியே விற்கிறேன்’ என்று எழுதி விற்றவரை அந்த வாசகம் காப்பாற்றும். ஆனால் அவர் தெரிந்துகொண்டே வஞ்சகமாக மறைத்திருந்தால் காப்பாற்றாது. நம் சட்டத்தின் வேரிலும் இதே கொள்கை இருக்கிறது. இருந்து என்ன? விற்றவர் மறைத்தார் என நிரூபிக்க என் மருமகன் நீதிமன்றத்தில் எத்தனை வருடம் நிற்க வேண்டும்? கட்டார்க் கம்பனி அதற்கு விடுமுறை தராது.

சுமையை விற்பவரின் தோளுக்கு மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். வீட்டோடு காணியைக் கைமாற்றும் எந்த உறுதியிலும், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் இலக்கமும் இணக்கச் சான்றிதழின் இலக்கமும் எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், இன்ன பகுதிக்கு இல்லை என்று எழுத வேண்டும். அப்படிச் செய்தால் நாட்டில் பெருவாரியான வீடுகளை விற்க முடியாது என்பார்கள். விற்கலாம். குறைந்த விலைக்கு விற்கலாம், அந்தக் குறைவுதான் அணைச்சுவரின் செலவு. இன்றைக்கு அந்தச் செலவை வாங்குபவர் இருட்டில் ஏற்கிறார். சபைகளுக்கும் ஒரு வார்த்தை: ஒரு மாடியை வரிக்காக அளக்கும் உத்தியோகத்தர், அதே நாளில் அதன் கோப்பையும் திறந்து பார்க்கட்டும். இரண்டு மேசைகளுக்கும் இடையில் ஆறடி தூரம் இருக்கலாம். அதைக் கடக்கப் புதிய சட்டம் தேவையில்லை.

அதுவரை வீடு வாங்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன் சோலை வரி இலக்கத்தோடு சபைக்குப் போய்க் கட்டடக் கோப்பைக் கேளுங்கள். நில அளவைப் படத்தை நீட்டினால் வாங்கிக்கொண்டு மற்றப் பிளானையும் கேளுங்கள். வீட்டின் முன்பக்கத்தைத் தரகர் காட்டுவார். பின்பக்கத்துக்கு நீங்களாகப் போங்கள், முடிந்தால் மழை பெய்யும் நாளில்.

2025 நவம்பர் மழையில் அக்காவும் பேரப்பிள்ளைகளும் நான்கு இரவுகள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். மண்சுவரிலிருந்து ஒரு பகுதி சரிந்து குசினிக் கதவை அடைத்திருந்தது, வேறு சேதமில்லை. கட்டிய பின் பெறும் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தபோது, பின்புறத்தை முழுவதுமாக இடித்துச் சரிவைத் திருத்தினால் பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பணமில்லை. மருமகன் விற்க முடிவு செய்தான். தை மாதம் ஒருவர் வந்தார். சவூதியில் சாரதியாக இருந்தவராம், கையில் காசோடு. உறுதியைப் பார்த்தார், நில அளவைப் படத்தைப் பார்த்தார், மாடியில் ஏறி மரகல மலையைப் பார்த்தார். திருப்தி. அன்று இரவு டோஹாவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

“மாமா, அந்த மனுசன் ஒண்ணுமே கேக்கல. நானா சொல்லணுமா?”

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பதினொரு வருட உழைப்பு மறுமுனையில் காத்துக்கொண்டு நின்றது. சொல்லு என்றேன். சொல்லிவிட்டான். வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனார். வீடு இன்னும் விலைபோகவில்லை.